நல்லெண்ணெயும் நீச்சல் தடாகமும்

பிடிவாதம் தவராசாவின் பிறவிக் குணம். இல்லாவிட்டால், ஐம்பத்தாறு வயதில், நெஞ்சு முழுக்கச் சளியோடு யாராவது நீச்சல் பழகப் போவார்களா? மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்து சளி தேங்கி நிற்கும் வருத்தம் அவருக்கு. மாறாது, அடக்கி வைத்திருக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நடந்தாலும் நல்லது, நீந்தினால் இன்னும் நல்லது என்றார். இத்தாலியில் அவர்கள் குடியிருக்கும் சீசா பகுதித் தெருக்களில் நடந்தால் மோட்டார் சைக்கிள் புகையைத்தான் குடிக்கவேண்டும். ஆகவே நீச்சல்.

சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் அவருக்கு ஒத்துப்போனது. வீட்டு மாடிப்படியில் நின்று நின்று இளைக்கிற மனிதர், தடாகத்தில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் ஆறுதலாகப் போய்வந்தார். தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரித் தவளைகள்தானே! வருத்தத்தால் வேலையை விட்டபிறகு, யாரும் அவரைப் பாவம் பார்க்காத ஒரே இடம் அது.

ஒரேயொரு இடைஞ்சல். புதன்கிழமை நீந்தினால் சுகம். சனிக்கிழமை நீந்தினால் இருமல், முட்டு, நெஞ்சுக்குள் விசில். டொக்டர் முகத்தைச் சுளித்தார். குளோரின் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, இந்த மாதமும் இப்படியென்றால் தடாகத்துப் பக்கமே போகவேண்டாம் என்றார். தவராசாவுக்கு விழுந்தது இடி.

"சனிக்கிழமையிலை மருந்தை அள்ளிக் கொட்டுறாங்கள், மலர். மணம் மூக்கைப் பிய்க்குது. இண்டைக்குக் கேக்கத்தான் போறன்."

"போய்ச் சண்டை பிடியாதேங்கோ. முதல் இதிலை இருங்கோ" என்றாள் மனைவி சிவமலர்.

கையில் எண்ணெய்க் கிண்ணம். கிழமை முழுக்க இரண்டு சிஞ்ஞோராக்களின், அந்த இத்தாலிய எசமானிகளின், வீடு துடைக்கிறவளுக்குச் சனியும் ஞாயிறும் மட்டுந்தான் ஓய்வு. சனிதோறும், மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்து, முதுகிலும் நெஞ்சிலும் சூடு பறக்கத் தேய்ப்பாள். சளி இளகுமாம். அவரும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருப்பார். பிறகு? தண்ணீருக்குள் இறங்கத்தானே போகிறோம், வீட்டில் எதற்கு வேறு முழுக்கு என்று, எண்ணெய்த் தலைக்கு மேல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். தடாகத்து ஷவரில் காலை மட்டும் நனைப்பார். என்ன மனிதரப்பா இவர்!

அன்றும் அப்படியே போய், கரையில் நின்ற நீச்சல் பயிற்சியாளர் அகஸ்ரீனாவிடம் தெரிந்த இத்தாலியன் பாஷையில் பொரிந்து தள்ளினார். அவள் அவர் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு அவருடைய தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் தூக்கினாள். எண்ணெய் காதோரமாக வழிந்தது.

அவள் ஏசவில்லை. அந்த மணம் குளோரின் கூடியதால் வருவதில்லை, ஆட்கள் கொண்டுவரும் வியர்வையும் அழுக்கும் எண்ணெயும் குளோரினோடு சேர்வதால் வருவது என்றாள். சனிக்கிழமை கூட்டம் அதிகம், பாதிப்பேர் குளிக்காமல் குதிக்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று தண்ணீருக்குச் சற்று மேலேதான் நிற்கும், நீந்துகிறவன் வாயைத் திறப்பதும் அங்கேதான். மற்றவர்களுக்குக் கண் எரியும், உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். கூட்டம் சேருவதற்கு முன்னே, காலையிலேயே வாருங்கள், சோப் போட்டு முழுகிவிட்டு இறங்குங்கள் என்று ஷவரைக் காட்டினாள்.

தவராசாவுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அதைவிட, வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஆனாலும் சிவமலர் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டாள்.

"அப்ப நானே உங்கடை நெஞ்சை அடைச்சனான்?"

"விசர்க் கதை கதையாதையும். முழுகாமல் போனது நானெல்லோ. எண்ணெயை இனி ஞாயிறு வைப்பம்."

அடுத்த சனியிலிருந்து விடிந்ததும் முதல் பஸ். சோப் போட்டுத் தேய்த்து முழுகிவிட்டுத்தான் தண்ணீர். முதல் தடவை இருமல் பாதியாகக் குறைந்தது, அதற்கடுத்த தடவை வரவேயில்லை. மாத முடிவில் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நீந்துங்கள் என்றார். வருத்தம் அப்படியேதான் இருக்கிறது, அது எங்கும் போகாது. தடாகம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கிழமை, சனிக்கிழமை நீந்திவிட்டு வந்தவரைச் சிவமலர் வாசலிலேயே மறித்து, முதுகில் காதை வைத்தாள். விசில் இல்லை. நெடுநேரம் காதை எடுக்கவில்லை. அவருடைய சேர்ட் நனைந்தது.

"ஏனப்பா அழுறீர்? நல்லாத்தானே இருக்கிறன்."

"நீங்கள் நான் நித்திரை எண்டு நினைச்சிருப்பீங்கள்" என்றாள். "ஒவ்வொரு சனி ராத்திரியும், மூச்சு ஓடுதோ நிண்டிட்டுதோ எண்டு விடிய விடியக் கேட்டுக்கொண்டு கிடந்தனான். இண்டைக்கு நான் நித்திரை கொள்ளப்போறன். எழுப்பாதேங்கோ."