சங்கத்தக்காவுக்கு வந்த கடிதம்

விரிப்பின் மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தபோதுதான் சங்கத்தக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தது. கொண்டுவந்த பியூன், "மேட்ரன் கொடுத்தாங்க, நல்ல சேதிதான்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவள் கை ஈரமாக இருந்தது. எதிர்ப்பக்கம் விரிப்பை இழுத்துப் பிடித்திருந்த நெட்டைதான் வாங்கிப் பிரித்தாள். வார்டு சூப்பர்வைசர் பதவி. சம்மதமானால் ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மேசை நாற்காலியெல்லாம் தராங்களாம்" என்றாள் நெட்டை. கடிதத்தைத் தலையணைமேல் வைத்துவிட்டு தன் பக்கத்து மூலையைச் செருகினாள்.

அந்த மருத்துவமனையில் முப்பது வருஷம் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சங்கத்தக்கா குடியிருப்பது என் வீட்டு மாடியில். பதினோரு வருஷமாக ஆயாக்கள் சங்கத்துக்குச் செயலாளர் என்பதால் அந்தப் பெயர். கணவன் இல்லை. மகன் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மற்றபடி அவளுக்கு மனிதர்கள் என்றால் வார்டுதான், வார்டில் நெட்டைதான். பதினாறு வருஷமாக இருவரும் ஜோடி. ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. இவர்கள் தூக்கினால் நோயாளி சறுக்குமரத்தில் போகிற மாதிரி இருக்கும் என்று டாக்டர்களே கேலி செய்வார்கள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டிய இரண்டு பேரும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்திரண்டு கட்டிலுக்கு இரண்டு ஆயா. நடக்கிற காரியமா? அதனால் காலை ஆறு மணிக்கு வந்ததுமே எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எல்லாக் கட்டத்திலும் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். பிறகு முடிந்தவரை புரட்டுவார்கள். என் காலத்தில் நானும் அப்படித்தான் போட்டேன். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

சூப்பர்வைசருக்கு முதல் வேலையே அந்த அட்டைகளைச் சரிபார்ப்பதுதான். சங்கத்திலும் இருக்க முடியாது.

போன வருஷம் பதினெட்டாம் கட்டில் பெரியவருக்கு எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண் வந்து, குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அந்த வாரம் சங்கத்தக்கா லீவு. வார்டில் இருந்தது நெட்டையும் இன்னொருத்தியும். விசாரணைக்குச் சங்கத்தின் சார்பில் போன சங்கத்தக்கா, அட்டையை மேசைமேல் வைத்து, "எந்தக் கட்டத்துல கையெழுத்து இல்லைன்னு காட்டுங்க" என்றாள். எல்லாக் கட்டத்திலும் இருந்தது. விசாரணை அதோடு முடிந்தது. ஓய்வறையில் கைதட்டினார்கள். பெரியவர் அதற்குப் பிறகு நான்கு மாதம் குப்புறக் கிடந்தார். தினமும் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் சங்கத்தக்காதான். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் என் கட்டிலில் குப்புறப் படுத்தாள். இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்தேன். இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

"என்னக்கா பண்றது?"

"உன் இடுப்பைக் கேளு. அது எப்பவோ முடிவு பண்ணிடுச்சு."

"இடுப்புக்கென்ன, அது மேசைக்குப் போயிடும். மீதி நான் எங்க போறது?"

"மகன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நல்லதுதானேம்மா, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டான்."

அவள் இன்னும் பதில் எழுதவில்லை. ஆனால் மறுநாளே ஓய்வறை மாறிவிட்டது. இவள் உள்ளே போனால் பேச்சு நின்றது. "சூப்பர்வைசரம்மா வராங்க, காலை மடக்குங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லித் தினம் நாலு பேராவது இவளிடம் வருவார்கள். அந்த வாரம் ஒருத்தியும் வரவில்லை. எல்லாரும் துணைச் செயலாளரிடம் போனார்கள். பெஞ்சில் இவள் பக்கத்தில் இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும், ஒரு வாரம் யோசித்தவள் என்ற பெயர் இனிப் போகாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

கெடு முடிவதற்கு முந்தின சாயங்காலம் சங்கத்தக்கா நெட்டையின் வீட்டுக்கு நடந்தே போனாள். நெட்டை துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. இவளாகவே உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"போகப்போறியா?"

"தெரியலை."

"தெரியாமத்தான் இவ்ளோ தூரம் நடந்து வந்தியாக்கும். சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. நீ அட்டை பார்க்க வரே. மணி ஆறரை. பத்து மணிக் கட்டத்துல என் கையெழுத்து இருக்கு. என்ன பண்ணுவே?"

சங்கத்தக்கா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"எழுதுவேன்."

"என் பேரையா?"

"உன் பேரையும்தான். ஆள் பத்தலைன்னும் எழுதுவேன். மூணாவது ஆள் வேணும்னு எத்தனை தடவை கேட்டிருக்கோம்? ஒவ்வொரு தடவையும் மேட்ரன் நம்ம அட்டையைத்தானே எடுத்துக் காட்டினாங்க? எல்லாம் நேரத்துக்கு நடக்குதே, எதுக்கு இன்னொரு ஆளுன்னு. நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு நாமளே கத்தினோம்."

"இதைச் சங்கத்துல இருந்தே சொல்லியிருக்கலாமே. யாரு உன் வாயைக் கட்டினா?"

"சொல்லியிருக்கலாம். பதினெட்டாம் கட்டில் விசாரணையிலேயே சொல்லியிருக்கலாம். உனக்கு வேலை போயிருக்கும்."

நெட்டை மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "அன்னைக்குக் காப்பாத்தினே. இப்ப நீயே மாட்டிவிடப் போறே. நல்லா இருக்குடி" என்றாள். துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. சங்கத்தக்கா சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைத் தானே சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

வரும் வழியில் என் வீட்டில் நின்று இவ்வளவையும் சொன்னாள். அழவில்லை. சாப்பிட்டாயா என்றேன். இல்லை என்றாள். இருந்ததைப் போட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே போய், சம்மதக் கடிதத்தை அலுவலகப் பெட்டியில் போட்டாள். சங்க அலமாரிச் சாவியைத் துணைச் செயலாளரிடம் கொடுத்தாள். "சரி, வெச்சுட்டுப் போ" என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல். புதுப் பதவி ஒன்றாம் தேதியிலிருந்துதான். அதுவரை இவள் ஆயாதான், நெட்டைக்கு ஜோடிதான்.

வார்டில் நெட்டை முதல் கட்டில் அட்டையைக் கையில் எடுத்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"முதல்ல புரட்டலாம்" என்றாள் சங்கத்தக்கா.

நெட்டை அவளை ஒருமுறை பார்த்தாள். பேனாவை மூடிவிட்டுக் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றாள். எட்டு மணிச் சுற்று ஒன்பது இருபதுக்கு முடிந்தது. ஒவ்வொரு கட்டிலாகப் புரட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார்கள். பத்து மணிச் சுற்றில் ஒன்பது கட்டில் விட்டுப்போயிற்று. அந்த ஒன்பது கட்டத்தையும் சங்கத்தக்கா காலியாக விட்டாள். நெட்டையும் அவற்றில் கையெழுத்துப் போடவில்லை.