டியூப் லைட்டுக்குக் கீழே வளர்ந்த மலைக்கள்ளி

இந்த மார்கழியில் எங்கள் வீட்டு மலைக்கள்ளி எண்பத்து மூன்று பூ பூத்தது. மொட்டைச் சேர்க்கவில்லை, விரிந்த பூ மட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர எண்ணத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வயதில் பனியனை டஜன் டஜனாக அடுக்கிக் கட்டியவள் நான். மாடியில் குடியிருக்கும் பீகார்ப் பெண்கள் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் நின்று போனில் படம் பிடித்தார்கள். அவர்கள் பேசிய இந்தியில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. புகழ்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது, அது போதும். நட்டுக்கொள்ளச் செடியிலிருந்து ஆளுக்கு இரண்டு துண்டு திருகிக் கொடுத்தேன்.

அந்தச் செடி வந்த கதையைச் சொல்லச் சொல்லிப் பேத்தி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் ‘ஊடு’ என்றால் அவள் ‘வீடு’ என்று எழுதுகிறாள். எழுதட்டும், படித்தவள்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு ஷெட். உள்ளே நான்கு தையல் மெஷின்கள். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வெட்டிய துணியை எடுத்துவந்து பனியனாகத் தைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில். சொந்தமாக மெஷின் வைத்திருந்ததால் டெய்லர்கள் அவரை முதலாளி என்பார்கள். மற்றபடி அவரும் ஒரு மெஷினில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து தைக்கிறவர்தான். அதிகம் பேச மாட்டார். மெஷின் சத்தத்தில் சொன்னது யார் காதிலும் விழாமல் போய்ப் போய், பேச்சையே விட்டுவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

செடியைக் கொண்டுவந்தவர் தாய்மாமன். வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் அவருக்கு வேலை. வரும்போதெல்லாம் மலையிலிருந்து ஏதாவது கொண்டுவருவார். ஒரு தடவை தேயிலைத்தூள், ஒரு தடவை மலை நெல்லிக்காய். ஒரு தடவை குதிகாலில் ஒட்டிக்கொண்டு ஒரு அட்டையும் வந்தது, அதை அவர் வேண்டுமென்று கொண்டுவரவில்லை. அந்த முறை ஈரச் சாக்கில் சுற்றி இந்தச் செடி. இலை மாதிரி இருக்கும், இலை இல்லை. பச்சைத் துண்டுகள் ஒன்றின் நுனியில் ஒன்றாகச் சங்கிலி கோத்தது போலத் தொங்கும். கள்ளி என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கள்ளியை யாராவது வீட்டுக்குள் வைப்பார்களா என்று தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். இது நம் காட்டுக் கள்ளி இல்லை, முள்ளே கிடையாது, மழைக்காட்டில் மரக்கிளை இடுக்கில் வளர்கிற சாதி, மார்கழியில் ஒரு பூப் பூக்கும் பார், துரை பங்களா வாசலே சிவந்து போயிருக்கும் என்று மாமா என்னென்னவோ சொன்னார். அம்மா அசையவில்லை. நான் அதற்குள் செடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது மூன்றே விஷயம்.

“தண்ணி கட்டி நிக்கக் கூடாது கண்ணு, அழுவிப் போயிரும். வெயிலு ஆவாது, கருகிப் போயிரும். ஆனா வெளிச்சம் வேணும்.”

முதல் விஷயத்துக்கு ஓட்டை விழுந்த சட்டி ஒன்று கிடைத்தது. செங்கல் பொடிசும் தேங்காய் நாரும் மக்கிய இலையும் போட்டு நட்டேன். மரத்தில் தொங்குகிற சாதி ஆயிற்றே, தரையில் வைக்கலாமா? வெட்டுத் துணியில் மிஞ்சிய பனியன் நாடாக்களைப் பின்னி ஓர் உறி செய்தேன். பனியன் நாடா இழுத்தால் நீளும். இரண்டு நாளில் சட்டி முழங்கால் உயரத்துக்கு இறங்கிவந்துவிட்டது. மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். ஷெட்டில் பறக்கிற பஞ்சுத் தூசி செடி மேல் படியும். தினமும் ஈரத் துணியால் ஒவ்வொரு துண்டாகத் துடைப்பேன். என் தம்பி மூக்கைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

மற்ற இரண்டும்தான் குழப்பம். வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். வெயில் இல்லாத வெளிச்சம் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தபோது எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஷெட்டின் நடுவில் நாலடி டியூப் லைட். இருட்டியதும் போட்டால் கம்பெனிக்கு அவசரம் என்கிற நாளில் விடிய விடிய எரியும். அதில் வெயிலே கிடையாது, கை வைத்தால் சுடக்கூடச் சுடாது. அதற்கு நேர் கீழே உறியை மாட்டினேன். பகலில் ஜன்னல் வெளிச்சம், ராத்திரியில் டியூப் லைட். துரை பங்களாச் செடிக்கே இந்தக் கவனிப்பு கிடையாது என்று எனக்குப் பெருமை.

செடி கொழுகொழுவென்று வளர்ந்தது. பூக்கவில்லை. அடுத்த மார்கழி வந்தது, போனது. அதற்கடுத்த மார்கழியும் போனது. தின்று தின்று வளர்வதில் உன்னை மாதிரியே இருக்கிறது என்றாள் அம்மா.

எதிர் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அக்கா கிறிஸ்துமஸுக்கு வாசலில் காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே வைக்கோலில் குடில் வைப்பார். மலைப்பக்கத்துக் கோயிலில் எல்லாம் இந்தப் பூவைத்தான் குடிலுக்கு வைப்பார்கள் என்று அவரே ஒரு நாள் சொல்லப்போக, நான் வாயைக் கொடுத்துவிட்டேன், இந்த வருஷம் என் செடியிலிருந்து தருகிறேன் என்று. அதிலிருந்து தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

“ஏட்டி, ஒங் கள்ளி பூத்துச்சா, இல்ல இன்னும் சடங்கு வைக்கணுமா?”

மூன்றாவது வருஷம் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த மார்கழிக்கும் பூக்காட்டி, ஆட்டுக்குப் பிச்சுப் போட்ருவேன். கள்ளி வெச்ச ஊடுன்னு ஊரே பேசுது.”

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்பி வரவில்லை. அப்பா வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கம்பெனியில் சரக்கு தேங்கிவிட்டதாம், வெட்டிய துணி தரமாட்டார்களாம். நான்கு மெஷினுக்கும் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டார்கள்.

எனக்கு அதைவிட நல்ல காலம் அதுவரை வந்ததில்லை. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். என்னோடு பல்லாங்குழி ஆடினார், தோற்றும் கொடுத்தார். மூன்று வேளையும் ராகிக் களி. எனக்குக் களி பிடிக்கும். அம்மாவின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. காது வலிக்கிறது, அதனால் கழற்றி வைத்திருக்கிறேன் என்றாள். நம்பினேன். பொழுது சாயும்போது அப்பா ஷெட்டுக்குப் போய்த் தன் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். லைட்டைப் போட மாட்டார். தைக்க ஒன்றும் இல்லாதபோது லைட் எதற்கு? கண் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு எழுந்து வருவார்.

என் செடிக்கு டியூப் லைட் இல்லாமல் போயிற்றே என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. லைட்டைப் போடுங்கள் என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டேன். அப்புறம் போடலாம் கண்ணு என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் தூசி துடைக்கும்போது பார்க்கிறேன், துண்டுகளின் நுனியில் அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக ஏதோ. பூச்சி என்று நினைத்துக் கிள்ளப் போனேன். நல்லவேளை, கிள்ளவில்லை. நாலு நாளில் அது மொட்டு என்று தெரிந்தது. அம்மாவிடம் காட்ட உறியைத் திருப்பினேன், இரண்டு மொட்டு உதிர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் எதிர் வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார். அதற்குப் பிறகு பக்கத்தில் மூச்சுவிடக்கூடப் பயம். வீட்டில் எல்லோரும் சட்டியைச் சுற்றித் திருடர்கள் மாதிரிதான் நடந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் முதல் பூ விரிந்தது. ரோஸும் சிவப்பும் சேர்ந்த ஒரு நிறம். திருப்பூரில் பிறந்து எத்தனையோ சாயத் துணி பார்த்துவிட்டேன், அந்த நிறத்தை இன்னும் எந்தத் துணியிலும் பார்க்கவில்லை. ஒரு பூவுக்குள்ளிருந்து இன்னொரு பூ எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பூவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, அணைந்து கிடந்த டியூப் லைட்டைப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார், மறுபடி லைட்டை. அங்கே என்ன இருக்கிறது என்று நானும் அண்ணாந்தேன். ஒரு பல்லி இருந்தது. இத்தனை நாள் கழித்துப் பூத்த பூவைக் காட்டினால் பல்லியைப் பார்க்கிறாரே என்று எனக்குக் கோபம்.

எதிர் வீட்டு அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். கிண்டல் எல்லாம் எங்கே போயிற்றோ.

“நெசமாத்தாம்ட்டி பூத்துட்டு. குடில்ல வைக்க ரெண்டு தாரியா?”

கிறிஸ்துமஸுக்குள் விரிந்ததில் ஐந்தாறு கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, எப்படி வளர்த்தேன் என்ற கதையோடு கொடுத்தேன்.

தை பிறந்ததும் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மெஷின்கள் ஓடின, அம்மாவின் காதில் தோடு ஏறியது. அடுத்த தீபாவளி முடிந்த கையோடு பெரிய ஆர்டர். டியூப் லைட் மறுபடி விடிய விடிய எரிந்தது. இந்த வருஷம் பூ இரட்டிப்பாகும் என்று நான் குஷியாக இருந்தேன். அப்போதுதான் அப்பா அந்த வேலையைத் தொடங்கினார்.

சாயங்காலம் லைட் போடுகிற நேரம். ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, உறியோடு என் செடியைக் கழற்றி, தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறையில் கொண்டுபோய் மாட்டிக் கதவைச் சாத்திவிடுவார். அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது, பல்பும் கிடையாது. விடிந்ததும் எடுத்துவந்து பழைய இடத்தில் மாட்டுவார். ஒரு நாள் இல்லை, தினமும். சரக்கெடுக்க வண்டி வாசலில் நிற்கிற நாளில்கூட. முதலாளி செடியைத் தாலாட்டப் போய்விட்டார் என்று டெய்லர்கள் சிரிப்பார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

“என்ற செடிய எதுக்குங்கப்பா இருட்டுல கொண்டுபோயி அடைக்கறீங்க?”

“அதாச்சும் தூங்கட்டுங் கண்ணு” என்றார் அப்பா.

செடி தூங்குமா? ஷெட்டில் துணிக்கட்டு வைக்க இடம் வேண்டும், அதற்கு என்னிடம் சாக்குச் சொல்கிறார் என்று முடிவுகட்டி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஒரு சாயங்காலம் அவர் போனதும் நானே எடுத்துவந்து லைட்டுக்குக் கீழே மாட்டினேன். சற்று நேரத்தில் வந்தவர் மறுபடி கொண்டுபோனார்.

அந்த மார்கழியில் நாற்பதுக்கு மேல் பூ. தெருவே வந்து பார்த்தது. அத்தனை பேர் முன்னாலும் நான் நின்று விளக்கம் சொன்னேன், டியூப் லைட் வெளிச்சம்தான் காரணம், நடுவில் சில நாள் இருட்டில் வைத்துவிட்டார்கள், அப்படியும் என் கவனிப்பில் பூத்துவிட்டது என்று. அப்பா கையில் கத்தரிக்கோலோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். யாரோ அவரைப் புகழப் போனார்கள்.

“எனக்கு என்னங்க தெரியும், அவ வளத்துனதுங்க” என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதிர் வீட்டு அக்கா இரண்டு துண்டு வாங்கி நட்டு, நான் சொன்னபடியே கூடத்து லைட்டுக்குக் கீழே தொங்கவிட்டார். அது பூக்கவே இல்லை. அதோடு எனக்குக் கைராசிக்காரி என்று பேர் வந்துவிட்டது. கறிவேப்பிலை வைப்பதென்றால் என்னைக் கூப்பிடுவார்கள், முருங்கைக் கொம்பு ஊன்றுவதென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆகிப் போன ஊரிலும் அந்தப் பேர் எனக்கு முன்னால் போயிருந்தது. கூடவே செடியும் வந்தது. மாமியார் வீட்டுக் கூடத்தில் ஏழு மணிக்கே லைட்டை அணைத்துவிடுவார்கள், அதனால் அங்கேயும் வருஷம் தவறாமல் பூத்து என் மானத்தைக் காப்பாற்றியது.

கைராசி போனது என் மகன் இந்த வீட்டு முன்கூடத்தில் தைத்த பனியனில் பிசகு பார்க்கிற செக்கிங் மேஜை போட்டு, ராத்திரியும் லைட் எரியவிட்ட பிறகுதான். மூன்று மார்கழி ஒரு மொட்டுக்கூட வரவில்லை. உரம் வைத்தேன், மண் மாற்றினேன், மாரியம்மன் கோயில் தீர்த்தம்கூட ஊற்றினேன். கடைசியில் இதோ எழுதுகிறாளே, இவள்தான் போனைப் பார்த்துப் படித்துச் சொன்னாள். மொட்டு வைப்பதற்கு முன்னால் ஆறேழு வாரம் இந்தச் செடிக்கு ராத்திரி முழுக்க நல்ல இருட்டு வேண்டுமாம். சாயங்காலத்திலிருந்து விடிகிறவரைக்கும். ஒரு லைட் எரிந்தாலும் பூக்காதாம்.

கேட்டுவிட்டு அண்ணாந்து முன்கூடத்து லைட்டைப் பார்த்தேன். அங்கே என்ன இருக்கிறது என்று இவள் கேட்டாள்.

இப்போது ஐப்பசி பிறந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இருட்டறையில் மாட்டிக் கதவைச் சாத்துகிறேன். மகன் சிரிக்கிறான், சிரிக்கட்டும். எண்பத்து மூன்று பூ.

என் அப்பாவும் பள்ளிக்கூடம் போகாதவர்தான். அவருக்குப் போனில் படித்துச் சொல்ல யாரும் இல்லை. வேலை இல்லாமல் லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த நல்லது இந்தப் பூ ஒன்றுதான், அது எங்கிருந்து வந்தது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். நானும் அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பார்த்த இடத்தையேதான் அண்ணாந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு பல்லி.