பொட்டில்லாத மீனாட்சி

எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு மீனாட்சி கல்யாணப் படம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வெறும் பென்சிலால் வரைந்தது. ஊரில் மற்ற அம்மன்கள் எல்லாம் காலண்டரில் பச்சையும் சிவப்புமாகச் சிரிக்க, எங்கள் அம்மன் மட்டும் சாம்பல் நிறம். என் மாமியாருக்கு அது பொறுக்காது. வெள்ளிதோறும் கண்ணாடிமேல் குங்குமம் அப்புவார். அப்பி அப்பி அம்மன் நெற்றியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அந்தப் படம்தான் புத்தகம். தாரை வார்க்கும் பெருமாளின் கையில் நரம்பு தெரியும். நாயனக்காரருக்கு, மூச்சு விட மறந்ததுபோல் கன்னம் உப்பியிருக்கும். அம்மனின் குனிந்த கண்ணுக்குக் கீழே விரலால் தேய்த்த நிழல். அங்கே ஒரு கோடு கிடையாது, ஆனால் வெட்கம் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். அதன்பிறகு எனக்குச் சாமி அறை வாசலோடு சரி. அந்த முகத்தை மறுபடி கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு சித்தூரிலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் வந்தார். கூடத்து வெளிச்சத்துக்கு எடுத்துவந்து, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார். நான் கதவோரம் நின்றேன்.

"என்ன கைங்க! ரப்பர் பட்ட எடமே இல்லீங்க" என்றார்.

மாமியார் அலறினார். "ஐயோ, பொட்டு எங்க?"

"வரைஞ்சவரு பொட்டே வெக்கலீங்கம்மா. நெத்தியில வெளிச்சம் உழுகட்டும்னு வெறுங் காயிதமாவே உட்டுட்டாருங்க."

"இத்தன வருசமா அறுத்தவளையா கும்புட்டேன்? அதான் எம் மவன் போயிட்டான்!"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமேத்தானுங்க அத்தை தாலியே கட்டப் போறாங்க. அதுக்குள்ள எப்புடி அறுக்கறது?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை.

"வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. உன்ற ரூம்புக்கே கொண்டு போ. ரெண்டு பேருக்கும் அது போதும்."

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த நெற்றி அத்தனை அழகு. மாஸ்டர் தரையைப் பார்த்தார். நான் நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து சொன்னார்:

"வெயில் படாத எடமாப் பாத்து மாட்டுங்க."

"அந்த ரூம்புக்கு வெயிலே வராதுங்க" என்றேன்.