ட்ரெபிளில் கை வைத்தது யார்?

என் ஆளின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள். ராக் இசையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர்களிலேயே பெரியவர் யார் என்று கேட்டால் கல்லூரி வயதிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரே பதில்தான். என் கூட்டாளி பாய்க்கு வேறு ஒரு ஆள். ரயில்வேக்காரனுக்கு இன்னொரு ஆள். நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத மூன்று பேருக்காக, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமெல்லாம் தொண்டை வற்றக் கத்துகிறோம். சர்ச் பூசைக்குக்கூட சில வாரம் மட்டம் போட்டிருக்கிறேன். அந்த மாடிக்கு மட்டம் போட்டதில்லை.

மாடி பாயுடையது. கீழே அவருடைய சவுண்ட் சர்வீஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடியேற்றம், எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குப் போகும். மேலே ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரும் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வைத்திருக்கிறார். அதை வாடகைக்குக் கொடுக்க மாட்டார். ரயில்வேக்காரன் கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவன். நான் ராயபுரம். வேலை திருவொற்றியூரில், அடிபட்டு வரும் கன்டெய்னர்களைச் சரிசெய்யும் யார்டில். பெட்டிக்குள்ளே போய் நின்றுகொண்டு, உள்பக்கமிருந்து சுத்தியலால் அடித்து நெளிவெடுப்பேன். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வண்டி தெரியாது என்று எல்லோரும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்போம்.

ரயில்வேக்காரனின் ஆளுக்கு வேகம்தான் எல்லாம். மூச்சு விடுவதற்குள் ஒரு கூடை சுரத்தைக் கொட்டிவிடுவார்.

"சிக்னலுக்காக நாள் பூரா நிக்கிறவன் இல்லியா, வேகத்த பாத்தா அவனுக்கு எச்சி ஊறுது" என்பார் பாய்.

பாயின் ஆள் நேர்மாறு. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். "எங்காளு ஒத்த சுரத்துல வூட்டையே கட்டிருவாரு" என்று பாய் நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். "கட்டி முடிக்கிறதுக்குள்ள குடிவர்றவன் செத்துருவான்" என்பான் ரயில்வேக்காரன்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. ஒருவருடைய ஆள் வாசிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், முழுசாகக் கேட்க வேண்டும். சண்டையெல்லாம் அப்புறம்தான். கண்ணைத் திறந்தால் மூஞ்சியைப் பார்ப்போம், மூஞ்சியைப் பார்த்தால் காது வேலை செய்யாது என்பது பாயின் கட்சி.

என் ஆளின் சோலோவில் தொடக்கம் சாதாரணம்தான். நடுவும் அப்படித்தான். நானே சொல்கிறேன். முடிவுதான் விஷயம். ட்ரம்ஸ் நிற்கும், பேஸ் நிற்கும், எல்லாம் நின்ற பிறகு கம்பியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு, விசில் மாதிரி மெலிசாக ஒரு சத்தத்தை எழுப்புவார். அதை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்துவார். அவ்வளவுதான். அந்தச் சத்தம் இல்லையென்றால் என் ஆள் கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கிறவர்தான். இத்தனை வருடம் நான் போட்ட சண்டையெல்லாம் அந்த ஒரு சத்தத்தை நம்பிப் போட்டது.

ஒருநாள் அது காணாமல் போனது.

வீட்டில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ட்ரம்ஸ் நின்றது. பேஸ் நின்றது. பிறகு ஒன்றுமில்லை, அடுத்த பாட்டு வந்துவிட்டது. போனை எடுத்துப் பார்த்தால், பழைய பாட்டைப் புதிதாக மெருகேற்றிய பதிப்பு என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மெருகு போட்டுத் தருகிறேன் என்று நகையை வாங்கிச் சுரண்டிவிட்டுப் போகிறவர்களை எங்கள் தெருவில் பார்க்காதவனா நான்? சத்தம் மெலிசாக இருக்கிறது, எவன் கவனிக்கப் போகிறான் என்று வழித்துப் போட்டிருக்கிறார்கள்.

மனைவியைக் கூப்பிட்டு ஒரு காதில் மாட்டிவிட்டேன்.

"வருதேங்க. கீச்சுன்னு. பல்லு கூசுது" என்று பிடுங்கிக் கையில் கொடுத்தாள்.

அவள் என்றைக்கு என் பாட்டை ஒழுங்காகக் கேட்டாள்? அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எதையாவது சொல்லித் தப்பித்துப் போனால் போதும் அவளுக்கு. அது மட்டுமில்லை, அந்தச் சமயத்தில் அவள் பேச்சே சரியில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள். என்ன என்று கேட்டால், "கூப்ட்டுகினே கீறேன், காதுல வாங்குனா தானே?" என்று என்மேலேயே பாய்வாள். எதையோ மறைக்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

பர்மா பஜாரில் வாங்கிய பழைய கேசட் இருந்தது. தேடி எடுத்துப் போட்டேன். அதிலும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் கொஞ்ச நேரத்தில் இதற்கும் கணக்கு சரியாக வந்தது. அந்த இடத்தைத்தானே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்? நாடாவில் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிட்டது. புதுப் பதிப்பில் திருட்டு, பழைய கேசட்டில் தேய்மானம். இதில் எங்கே இடிக்கிறது? எனக்கு எங்கேயும் இடிக்கவில்லை.

பாயின் மாடியில் மட்டும் அது இன்னும் வந்தது. முன்புபோல இல்லை, நூல் மாதிரி. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக் கிடந்தேன். பிறகு அங்கேயும் போய்விட்டது.

இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. விதியை மீறி, என் ஆளின் முறை வந்தபோது ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். முடிவு நெருங்கும்போது பாயின் கை ஆம்ப்ளிஃபையருக்குப் போனது. ட்ரெபிள் திருகைப் பிடித்துத் திருப்பியது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு எந்தப் பக்கம் திருப்பினார் என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கீச்சென்ற சத்தத்தை அடக்குவதற்கு ட்ரெபிளைக் குறைப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அடுத்த வாரமும் பார்த்தேன். தன் ஆளுக்கு அவர் கை அசையவில்லை. ரயில்வேக்காரனின் ஆளுக்கும் அசையவில்லை. எனக்கு மட்டும், அதே இடத்தில், அதே திருகு. நான் படியேறும்போது இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்து, என் தலையைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்கள். டீ வந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் கூட்டு. வாதத்தில் ஜெயிக்க முடியாதவர்கள் திருகில் கை வைத்துவிட்டார்கள். எத்தனை நாள் பாய் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டிருப்பேன், ரயில்வேக்காரன் கல்யாணத்துக்கு எத்தனை வேலை செய்திருப்பேன் என்று எண்ணி எண்ணி வயிறு எரிந்தது. வாரம் முழுக்கப் பெட்டிக்குள் நின்று தகரத்தை அடித்த அடியெல்லாம் பாயின் மேல் விழுந்த அடிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாய்க்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். என் ஆள் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்ட மாதிரி நடித்தேன். ட்ரம்ஸ் நின்றது. பாயின் கை நகர்ந்தது. திருகைத் தொட்டதும் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தேன்.

"மாட்னியா பாய்? எத்தினி வாரமா பாத்துகினு கீறேன். எதுக்கு கொறைக்கிற? ஆம்பளையா இருந்தா வாயால சண்டை போடு. என் ஆளு சத்தத்த எதுக்கு முழுங்குற?"

பாய் கையை உதறவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"திருக பாத்துட்டு பேசு மாமு" என்றார்.

பார்த்தேன். திருகின் வெள்ளைக் கோடு வலது கோடியில் போய் நின்றிருந்தது.

"கொறைக்கல. ஏத்துறேன். இத்துக்கு மேல திருப்ப எடமே இல்ல."

ரயில்வேக்காரன் இரண்டு காதுகளிலிருந்தும் பஞ்சை உருண்டையாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "ஊசியால குத்துற மாரி கீது மச்சான். உன் பாட்டுக்கு மட்டும் வச்சிக்கிறேன். தப்பா நெனைக்காத" என்றான்.

நான் மணிக்கட்டை விட்டேன். பாட்டு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

"எப்போலர்ந்து?" என்று கேட்டேன்.

"ஈஸ்டருக்கு அப்பால" என்றார் பாய். "அந்தச் சத்தம் வந்தா நீ வெரல தூக்குவ. உனக்கே தெரியாது, ஆனா தூக்குவ. நாங்களும் கண்ண தொறந்து உன்ன பாத்து சிரிச்சிப்போம். அன்னிக்கி சத்தம் வந்துச்சு, உன் வெரலு வர்ல. செரி, கொஞ்சம் ஏத்தி வுட்டேன். அடுத்த வாரம் தூக்குன. அப்பறம் அதுவும் பத்தல. இன்னும் ஏத்துனேன்."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது மாமு?"

மறுபடியும் போடச் சொன்னேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு, பாட்டைக் கேட்காமல் அவர்கள் மூஞ்சியைப் பார்த்தேன். ட்ரம்ஸ் நின்றது. பேஸ் நின்றது. அறையில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புருவம் சுருங்கியது. பாய் பல் கூசியவர்போல் முகத்தைச் சுளித்தார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அப்புறம் கோபம் எங்கேயோ போய்விட்டது. பயமாக இருந்தது. நாற்பது பேர் இருக்கிற இடத்தில் நான் மட்டும் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

காது டாக்டரிடம் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். சுத்தியல் இரைச்சலில் முதலில் போவது கீச்சென்ற மேல்சத்தம்தான், போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் அவர். மிஷின் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும், பாட்டு அதே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். முணுமுணுத்தவள் அவள் இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. இப்போது ரப்பர் அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டுதான் சுத்தியலைத் தொடுகிறேன்.

இரண்டு வாரம் மாடிக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் போனேன். டீ வாங்கி வைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்த கடை சமோசா வேறு. அப்போதே எனக்குச் சந்தேகம்.

ரயில்வேக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நல்லா யோசிச்சு பாத்தேன் மச்சான். உன் ஆளு தான் பெரிய ஆளு. ஒத்துக்கிறேன்."

பாயும் தலையை ஆட்டினார். "ஆமா மாமு. எங்காளு அப்பறம் தான்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! அவன் வாயிலிருந்து இது வரும் நாளில் எல்லோருக்கும் நானே பிரியாணி வாங்கிப்போட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். வந்துவிட்டது. வாயில் இருந்த சமோசா இறங்கவில்லை.

"இன்னா நைனா, சாவு வூட்டுக்கு மாலை போட வந்தவன் மாரி பேசற?" என்றேன். "நீ இன்னிக்கி வரைக்கும் எதையாவது ஒத்துகினு கீறியா? இன்னிக்கி மட்டும் ஏன்? காது போனவன்னு பாவம் பாக்கிறியா?"

"அப்டி இல்ல மச்சான்..."

"எதுத்துப் பேசு. இல்லன்னா சொல்லிடு, நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

என் குரல் உடைந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லை, அழுகைதான். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கடைப்பையன்கள் ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். அந்தத் தடதடப்பு எனக்கு நன்றாகக் கேட்டது.

"செரி, கேட்டல்ல? சொல்றேன்" என்றான் ரயில்வேக்காரன் கடைசியில். "உன் ஆளு அந்தச் சத்தத்த மேல இஸ்துகினு போறான் பாரு, முழுசா போய் சேரல. சுருதிக்கு ஒரு இம்மி கீழயே நின்னுர்றான். எப்பவுமே அப்டி தான். உன் மூஞ்சிக்காக இத்தினி வருசம் சொல்லல."

"உடான்ஸ் வுடாத!" என்று எழுந்தேவிட்டேன்.

"அவன் சொல்றது செரிதான்" என்றார் பாய், திரும்பாமலே. "நானும் கேட்டுகீறேன்."

"போடு. இப்பவே போடு."

போட்டார். திருகை ஏற்ற வேண்டாம் என்று நானே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். ட்ரம்ஸ் நின்றது. பேஸ் நின்றது. அறைக்குள் ஒன்றும் வரவில்லை. ஆனால் என் தலைக்குள் அது எழும்பியது, மேலே போனது, போய் நிற்க வேண்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் நின்றது. எப்போதும் போல. எப்போதும் அப்படித்தான் நின்றதா, இல்லை இத்தனை வருடத்தில் நானே தட்டித் தட்டி நெளிவெடுத்துவிட்டேனா?

"கேட்டியா? கீழ தானே நிக்குது?" என்றான் ரயில்வேக்காரன்.

"செரியான எடத்துல தான் நிக்குது" என்று கத்தினேன்.

"காதுல இன்னா வச்சிகினு கீற?" என்று அவன் பதிலுக்குக் கத்தினான். கத்திவிட்டு ஒரு நொடி திகைத்தான். நான் விடாமல் திட்டியதைப் பார்த்து அவனும் தொடர்ந்தான். அன்று இருட்டும் வரைக்கும் சண்டை போட்டோம்.

அவன் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன் என்பதற்காக ஒரு குறையை அந்த நிமிடத்தில் கட்டிவிட்டானா, பாயும் கூடச் சேர்ந்து தலையாட்டினாரா, இல்லை என் ஆள் நிஜமாகவே கீழேதான் நின்றாரா? கண்டுபிடிக்க என்னிடம் வழி இல்லை. பாட்டை மெருகேற்றிய கம்பெனிக்காரனையும் கட்டிய மனைவியையும்கூட நம்பாமல் வாழ்ந்தவன் நான். என் ஆளின் அந்தச் சத்தத்துக்கு மட்டும், அவரைப் பிடிக்காத இந்த இரண்டு பேரைத்தான் இனி நான் நம்ப வேண்டும்.