காருக்கு அடியில் ஈரம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இது திண்டிவனத்தில் பாதிப் பேரிடம் என் மனைவி சொல்லி வைத்திருக்கும் செய்தி. பழைய கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். எங்கள் மகளும் அங்கேயே ஆறாவது படிப்பதால், தினமும் இருவரும் நெடுஞ்சாலையில் போய் வருவார்கள். நான் வீட்டிலிருந்தபடி வீடியோ பார்த்து நிபுணன் ஆனேன். வெள்ளிக்கிழமைதோறும் வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாற்றிக் கட்டுவேன். அதற்குப் பராமரிப்பு என்று பெயர்.

ஒருநாள் காலை, பின் சக்கரத்தின் உட்பக்கம் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"ஏங்க, என்னமோ ஒழுகுதுங்க" என்றாள்.

நாற்காலியை விட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னேன். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், பச்சையாக இருந்தால் கூலன்ட், நிறமே இல்லையென்றால் ஏசி தண்ணீர்.

"ஏசி தண்ணி முன்னாடிதானே சொட்டும்? இது பின்னாடி இருக்குதே."

"தரை சரிவா இருக்குது. ஓடி வந்திருக்கும்."

சரிவு எந்தப் பக்கம் என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அவள் என் மானத்தை வாங்கியிருக்கலாம். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் தப்பித்தேன்.

அவர்கள் கிளம்பியதும் வாசலைக் கழுவுவது என் வேலை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, நின்றபடியே நீளத் துடைப்பத்தால் தேய்த்தேன். ஈரம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. எண்ணெயாக இருந்தால் இப்படிப் போகுமா? கறை நிற்காதா? தண்ணீரோடு போனதால் அது தண்ணீரேதான். மாலையில் இந்த நிரூபணத்தைக் கேட்டு அவளே கொஞ்சம் அசந்து போனாள். அடுத்த நாலு நாளும் ஈரம் இருந்தது. நாலு நாளும் கழுவினேன்.

அதற்கு மறுநாள் காலை போன் வந்தது. "கூட்டேரிப்பட்டுல ஒரு ஒர்க்‌ஷாப்ல நிக்கிறோம். ஒண்ணும் ஆவல. ஜல்தி வாங்க."

ஒன்றும் ஆகவில்லை என்றால் எதற்கு ஜல்தி? பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

முன்னால் போன லாரி சட்டென்று நின்றிருக்கிறது. இவள் மிதித்த பிரேக் அடிவரை இறங்கிவிட்டதாம். திரும்பத் திரும்ப மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, சாலையோர மண்ணில் இறக்கி நிறுத்தியிருக்கிறாள். அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள்.

மெக்கானிக் பின் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். "பிரேக் ஆயில் சார். அஞ்சாறு நாளா ஒழுகிக்கினு இருந்திருக்கும். வாசல்ல பாக்கலியா?"

"எங்க வூட்டுக்காரரு பாத்தாரு. தண்ணின்னு சொல்லிக் கழுவி வுட்டுட்டாரு" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். "பிரேக் ஆயிலு தண்ணி ஊத்துனா கரைஞ்சிபூடும் சார். கலரும் பெருசா தெரியாது. வெரலால தொட்டீங்களா? வழவழன்னு இருந்திருக்குமே."

தொடவில்லை. குனியக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மகள், "எலுமிச்சம்பழம் மட்டும் சூப்பரா இருக்குதுப்பா" என்றாள். மெக்கானிக்கோடு சேர்ந்து என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை மூடப் பார்த்தாள். மூடி உட்காரவில்லை. நான் வாங்கி மூடினேன்.

"பாப்பா இன்னிக்கி முன் சீட்லதாங்க உக்காந்துக்கினு வந்தா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.