பம்பு புஷ் போட்ட மலை சைக்கிள்

கள்ளக்குறிச்சியில் எனக்கு மோட்டார் பம்பு சாமான் கடை. வியாபாரத்தைவிட வருகிறவர்களின் பேச்சுதான் எனக்கு ருசி. "மோட்டார் சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் ஒருத்தர் சொல்வார்: "மாமியா வூட்டுக்கு வந்த மருமவனாட்டம் உறுமுது பாய், ஒரு வேலையும் செய்யல." இதைக் கேட்டபிறகு வாஷர் விற்று எனக்கு எவ்வளவு கிடைத்தால் என்ன!

அந்த சைக்கிளை நான் பார்த்ததும் ஒரு பம்பு வேலையில்தான். கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு போடுகிற அண்ணன் ஒருவர் கூப்பிட்டிருந்தார். அவருடைய மோட்டார் கொட்டாய்க்குள் குனிந்து நுழைந்தால், சாக்குக்குப் பின்னால் தடித்த டயரோடு ஒரு மலை சைக்கிள். முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். நான் வந்த வேலையை மறந்துபோனேன்.

"மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது, இருவத்தஞ்சு வருசம் ஆச்சு" என்றார் அண்ணன். "முன்னாடி அமுக்கிப் பாருங்க. கல்லு."

அமுக்கினேன். கல்தான்.

அவருக்கு அந்த சைக்கிள் தேவைப்பட்டது. டாக்டர் தினமும் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். "கரும்பு போட்டவனுக்கே சர்க்கரை. கடைக்காரனுக்கே கடன் சொன்ன மாதிரி" என்று அவரே சிரித்துக்கொள்வார். சாதா சைக்கிள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டிராக்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு ஒருமுறை உடைந்து கூடியது. மேடுபள்ளத்தில் போனால் அதிர்வு நேரே அங்கே போய் வீங்கிவிடும். முன்பக்கம் அமுங்கிக் கொடுத்தால் மட்டுமே அவரால் ஓட்ட முடியும்.

சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தேன். யாரிடமும் கற்றதில்லை, செல்போனில் நாலு வீடியோ பார்த்த தைரியம்தான். கீழிருந்து நீளமான போல்ட்டைக் கழற்றி, உறையை உருவி, குழாயைத் தலைகீழாகத் தட்டினேன். உள்ளே இரும்பு ஸ்பிரிங் இருக்கும் என்று நினைத்தால், கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று வழிந்தது. ஒருகாலத்தில் ரப்பர் துண்டுகளாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்குதான் அமுங்கி அமுங்கி எழுந்திருக்கிறது.

இந்த ரப்பர் இப்போது உலகத்தில் எங்கே கிடைக்கும்? கவலையோடு நிமிர்ந்தால் என் அலமாரியே பதில் சொன்னது. பம்பையும் மோட்டாரையும் சேர்க்கிற கப்ளிங்குக்குப் போடும் ரப்பர் புஷ்! உருண்டை வடிவம், நடுவில் துளை. அளவு மட்டும் கொஞ்சம் தடி. அதற்கென்ன, சாணை பிடிக்கிற எமரி சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தேன். பக்கத்துக்கு ஐந்து. குழாய்க்குள் விட்டு மூடி, ஹேண்டில்பாரை அமுக்கினேன்.

அமுங்கியது. எழுந்தது!

கடையை விட்டு ரோட்டுக்கு ஓடிவந்து, போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தி அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். எதிர் டீக்கடைக்காரர் பத்து தடவை அமுக்கிவிட்டு, "இன்னா பாய், புள்ள பொறந்தப்பகூட நீங்க இப்படி ஓடல" என்றார்.

அடுத்த வாரமே மலைக்குக் கிளம்பினோம். மரவள்ளி ஏற்ற வெள்ளிமலைக்குப் போகிற குட்டியானை வண்டியில் இரண்டு சைக்கிளையும் போட்டுக்கொண்டு ஏறி, இறக்கத்தில் மிதிக்காமலே இறங்கி வருவது எங்கள் திட்டம். என்னுடையது சாதா சைக்கிள். அவருடையதுதான் மாப்பிள்ளை வண்டி. மேலே இறக்கிவைத்து அமுக்கினோம். அரை விரல் அளவுகூட அசையவில்லை.

"குளுருக்கு வெறச்சிக்கினு இருக்கும் பாய், போவப் போவ சரியாவும்" என்று அண்ணன் கிளம்பிவிட்டார். சரியாகவில்லை. மூன்றாவது வளைவிலேயே ஒற்றைக் கையால் ஓட்ட ஆரம்பித்தார். கோமுகி அணைக்கு வந்தபோது மணிக்கட்டு மஞ்சள் வைத்துக் கட்டும் அளவுக்கு வீங்கியிருந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தார். ஒரு பார்வை கையை, ஒரு பார்வை என்னை.

"இன்னொரு வாட்டி இந்தக் கை வீங்கி வந்துச்சின்னா சைக்கிள் காயலான் கடைக்குப் போவும். அவுருக்கு மட்டும் சொல்லல, உங்களுக்கும் சேத்துதாங்க பாய்."

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. டிக்கெட் வாங்கியும் பஸ்ஸைத் தவறவிட்ட முகம்.

மறுநாள் முன்பக்க ஷாக் அப்சார்பரைத் திறந்தேன். புஷ் வெளியே வர மறுத்தது. கம்பி விட்டு அடித்து எடுத்தால், ஒவ்வொன்றும் உப்பி, டீயில் முக்கிய பன் மாதிரி பொதபொதவென்று கிடந்தது. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அசைகிற எதையும் கிரீஸ் வைக்காமல் மூடுவது எங்கள் பம்பு ஆட்களின் வழக்கத்தில் இல்லை. ரப்பர் அடுக்கையும் பேரிங் என்று நினைத்து, குழாய் நிறைய கிரீஸைத் திணித்திருந்தேன். ஒரு வாரத்தில் ரப்பர் அதைக் குடித்துப் பருத்து குழாயை அடைத்துவிட்டது. "கப்ளிங் புஷ்ல எண்ணெ படாம பாத்துக்கோங்க" என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற வாய் இது!

எண்ணெயே இல்லாமல் போட்டால் ரப்பர் குழாயில் உரசிக் கீச்சிடும், பிடிக்கும். அப்புறம் என்னதான் போடுவது? கை பம்பு வாஷருக்கு நாங்கள் தடவுவது விளக்கெண்ணெய். அது ரப்பரைக் கெடுத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் இந்தத் தடவை நம்பிக்கை மட்டும் போதாது, ஒரு சைக்கிளின் ஆயுசு அதில் இருக்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் கிரீஸுக்குள் அளவுக்குத் தேய்த்த ஒரு புஷ், மற்றதில் விளக்கெண்ணெய்க்குள் அதே அளவில் ஒரு புஷ். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.

"இன்னா பாய், ஊறுகாயா?"

"எதிரிக்கு வெச்சிருக்கேன், உனக்கு வேணுமா?"

அண்ணன் தினமும் பஸ் ஏறி வந்துவிடுவார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "எது உப்புது?" "கிரீஸ்ல இருக்கிறது." "நம்மளுது?" "அப்படியேதான் இருக்கு." ஒரு டீ குடிப்பார், போவார். நாலாம் நாள் கிரீஸ் புஷ் கண்ணுக்கே தெரியும்படி பெருத்துவிட்டது. ஏழாம் நாள் இரண்டையும் எடுத்துத் துடைத்து, குழாய்க்குள் விட்டோம். கிரீஸில் ஊறியது குழாய் வாயிலேயே நின்றது. விளக்கெண்ணெயில் ஊறியது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அந்த உடைந்த கையாலேயே.

புது புஷ் பத்து தேய்த்தேன். ரப்பருக்கு விளக்கெண்ணெய் ஒரு துளி. வெளியே உறை உரசுகிற இடத்துக்கு மட்டும் துளி கிரீஸ். பூட்டிய பிறகும் அவசரப்படாமல் இன்னொரு வாரம் நிறுத்திவைத்தோம். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை ஹேண்டில்பாரை அமுக்குவதுதான். அமுங்கிக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் என்னவென்று சொல்வேன்! வெள்ளிமலையிலிருந்து இறங்குகிறோம். எனக்கு முன்னால் அண்ணன். அவருடைய முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுகிறது, ஹேண்டில்பார் அப்படியே மிதக்கிறது. சக்கரம் ஒரு ஊரில், கை ஒரு ஊரில்! பின்னால் என் சாதா சைக்கிளில் பல் கிடுகிடுக்க நான். வளைவுக்கு வளைவு அவர் கத்துகிறார்: "பாய்! குதிக்குது! கைக்குத் தெரியவே மாட்டேங்குது பாய்!" ஐம்பத்தைந்து வயது மனிதர், பள்ளம் தேடித் தேடி இறக்குகிறார். "அண்ணே, ரோட்டுல போங்க!" என்று நான் கத்துவது காற்றோடு போகிறது.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பெல்லாம் அடங்கியது. அண்ணி கையை நீட்டச் சொன்னார். விரலால் மணிக்கட்டைச் சுற்றி அமுக்கினார்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்லம்மா."

"முறுக்கு. துணி புழியிற மாதிரி."

முறுக்கினார். அண்ணி இரண்டு மணிக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணிக்கடையில் சாயம் பார்ப்பதைப் போலப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

"சரி. சைக்கிள் இருக்கட்டும்."

அண்ணன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் கிளம்பத் திரும்பினேன்.

"எங்க போறீங்க பாய்?" அண்ணி, பால் சொசைட்டிக்குப் போய்வருகிற தன்னுடைய மொபெட்டைக் காட்டினார். "இதுவும் முன்னாடி கல்லாட்டம்தான் கீது. சொசைட்டி போறதுக்குள்ள கேன்ல பாலு மோராயிடுது. இத்த யாரு பாக்கறது?"

நான் ஏற்கெனவே அதன் ஹேண்டில்பாரை அமுக்கிக்கொண்டிருந்தேன். 'டக்' என்றது. உள்ளே என்ன இருக்குமோ!

"அண்ணே, ஸ்பேனர் எடுங்க" என்றேன்.