என்னைத் தெரியும் என்று சொல்ல ஓர் ஆள்

என்னைப் பிடித்தது பட்டப்பகலில். காலை ஒன்பதரை மணி, தல்லாகுளத்தில் வண்டிச் சோதனை. முந்தின வாரம் ஊருக்குள் ஒரு வெட்டுக்குத்து நடந்திருந்தது. அதிலிருந்து எங்கே பார்த்தாலும் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். காரில் போகிறவனை நிறுத்தவில்லை. அழுக்குச் சட்டையோடு பழைய வண்டியில் போகிறவனைத்தான் நிறுத்தினார்கள். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் தென்னை ஏறுகிறவன். திருப்பரங்குன்றத்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடம். பிள்ளை இல்லை. வீடுகளில் நிற்கும் தென்னைகளில் காய் இறக்குவது தொழில். வண்டியில் ஒரு சாக்கு இருக்கும். அதில் அரிவாளும், ஏறும்போது காலில் மாட்டும் கயிறும். முந்தின நாள்தான் அரிவாளைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டியிருந்தேன். மழுங்கின அரிவாளென்றால் ஒரு குலைக்கு நாலு வெட்டு வெட்ட வேண்டும், மரத்து உச்சியில் கை ஓய்ந்துவிடும்.

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசாத் தீட்டிருக்கு. யாருக்கு?"

"தேங்காய்க்குங்க."

பக்கத்தில் நின்ற ஏட்டு என் சட்டையைக் காட்டினார். தென்னங்கறை பட்டால் துணி கறுத்துப் போகும், எந்த சோப்புக்கும் போகாது. அவருக்கு அது காய்ந்த ரத்தமாகத் தெரிந்திருக்கிறது.

அங்கேதான் தப்புச் செய்தேன். மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறி ஏறி எங்களுக்கு நெஞ்சில் தோல் காய்த்துப் போயிருக்கும். வேலை கேட்டுப் புதிதாக ஒருவன் வந்தால், உண்மையிலேயே ஏறுகிறவனா என்று நெஞ்சைத்தான் பார்ப்போம். வேறு கேள்வி கிடையாது. அந்தப் பழக்கத்தில் நான் சட்டைப் பட்டன்களைக் கழற்றி நெஞ்சைக் காட்டினேன். நடுரோட்டில், போலீஸ்காரர் முன்னால், கூட்டம் பார்க்க.

"என்னது, நெஞ்ச நிமித்திக் காட்டுறியா? ஜீப்புல ஏறு" என்றார் எஸ்.ஐ.

ஸ்டேஷனில் அடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். என்னைத் தெரிந்தவர் ஒருவர் சாயங்காலத்துக்குள் வந்து, இன்னார்தான், மரம் ஏறுகிறவர்தான் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் கேஸ், கோர்ட், ஜெயில்.

சமயநல்லூரில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். நிலத் தகராறில் பேச்சு நின்று பல வருடம். அவன் நம்பரைக் கொடுக்க வாய் வரவில்லை. தல்லாகுளத்தில் ஒரு சார் நம்பரைக் கொடுத்தேன். பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு இரண்டு மரத்தையும் பதினோரு வருடமாக நான்தான் ஏறுகிறேன். இறங்கினதும் அந்த வீட்டம்மா மோர் கொடுப்பார். சார் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு யாரை எனக்குத் தெரியும்?

ஏட்டு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஆதார் அட்டையில் இருந்த என் பேரை, அப்பா பேரோடு வாசித்தார்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றார் சார். லைன் கட்டாகிவிட்டது.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு என் பேர் தெரியாது. பதினோரு வருடமாக "என்னப்பா, வா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தேங்காய் வெட்டுகிறவன் என்று சொல்லச் சொல்லி ஏட்டிடம் கெஞ்சினேன். மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"பதினோரு வருசப் பழக்கம்னீங்களேண்ணே. அவருக்குத் தேங்காய மட்டுந்தான் தெரியும் போல" என்றார் ஏட்டு. சிரித்தார்கள்.

பல நாள் கழித்து வெளியே வந்த பிறகு அந்த சாரிடம் நேரில் போய்க் கேட்டேன். போலீஸ் என்று சொல்லிப் போனில் ஏமாற்றுகிறார்களாம், பேப்பரில் தினமும் வருகிறதாம், அதனால் வைத்துவிட்டாராம். அவர் பயந்தது நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அந்த வீட்டு மரத்தில் இப்போது நான் ஏறுவதில்லை.

அன்று சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு பிடித்து வைத்திருந்தவர்களுக்கு ஆள் வந்தது. ஒருவனுக்கு அம்மா, ஒருவனுக்குக் கடை முதலாளி. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன். யார் வருவார் என்று பார்த்தேனோ, எனக்கே தெரியவில்லை. ஆறு மணிக்குக் கேஸ் போட்டு என் பேரை நோட்டில் எழுதினார்கள்.

கோர்ட்டில் ஜாமீன் கொடுத்தார்கள், இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்று. ஒருவருக்கே வழியில்லாதவன் இரண்டு பேருக்கு எங்கே போவேன்? ஜெயிலுக்குப் போனேன். ஜெயிலில் தனிமை இல்லை என்பார்கள். படுக்க இடமில்லாத கூட்டம்தான். மனுப்போட்டுப் பார்க்க வந்தவர்கள் பேரைக் கூப்பிடும்போது மட்டும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவந்தபோது கோர்ட்டில் எனக்கு வைத்துக் கொடுத்த வக்கீலின் குமாஸ்தா இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பதற்கென்றே ஆட்கள் உண்டாம். அதில் ஒருவர் வெள்ளை வேட்டி, கையில் ரேசன் கார்டும் வீட்டு வரி ரசீதும். நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. உள்ளே நீதிபதி கேட்டதற்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"பத்து வருசமாத் தெரியும்ங்க. நல்ல மனுசன். ஒரு வம்புக்கும் போக மாட்டாரு."

பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. மனைவி போன பிறகு என்னைப் பற்றி ஒருவர் வாய் திறந்து நல்லதாகச் சொன்னது அதுதான்.

வெளியே வந்ததும், "அண்ணே, ஒரு டீ குடிச்சுட்டுப் போவமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கார்டைப் பையில் வைத்துக்கொண்டே, "இல்லப்பா, இன்னொரு ஆளு நிக்கிறாரு. போறேன்" என்று திரும்ப உள்ளே போனார்.

வண்டி இன்னும் ஸ்டேஷனில் கிடந்தது. திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.